மூத்த நடிகைகளுக்குக் கதாநாயகி வேடம் ஏன் வருவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி ஹாலில் மாதம் ஒரு படம் போட்டுப் பார்க்கிறோம். மாட்டுங்கா, சயான், தாராவி, முலுண்ட் என்று பல பக்கங்களிலிருந்தும் மும்பைத் தமிழர்கள் வருவார்கள். படம் முடிந்து காபி குடிக்கும்போதுதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். நாற்பது, ஐம்பதைத் தாண்டிய நடிகைகள் மையமாக வரும் படங்களாகப் பார்த்துப் போடத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"மூத்த நடிகைன்னா எத்தனை வயசுக்கு மேல?"

ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. பிரச்சினையே அங்கேதான். உலக அளவில் இதை ஆராய்பவர்கள் பொதுவாக 50 வயதைக் கோடாக வைக்கிறார்கள். நம் சினிமாவில் கோடு அதற்கு வெகு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. 2015-இல் ஜோதிகா திரும்பி வந்த படத்தின் பெயர் '36 வயதினிலே'. தலைப்பிலேயே வயது! 36 வயது நடிகர் ஒருவரை அப்படி விளம்பரம் செய்வார்களா? அவர் அப்போதுதான் 'வளர்ந்து வரும் நாயகன்'.

இந்தப் பக்கத்தில் 'மூத்த' என்று நான் சொல்வது ஏறக்குறைய நாற்பத்தைந்துக்கு மேல்.

"எல்லாப் படத்திலயும் அம்மா, பாட்டி வர்றாங்களே. அப்புறம் என்ன குறை?"

வருகிறார்கள், இல்லை என்று யார் சொன்னது? கதை அவர்களுடையதா என்பதுதான் கேள்வி. அடுத்த முறை ஒரு படம் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அந்த அம்மாவுக்குப் பெயர் இருக்கிறதா? மகனோ கணவனோ இல்லாத காட்சி ஒன்றாவது அவருக்கு உண்டா? பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கென்று ஓர் ஆசை, ஒரு பிடிவாதம், ஒரு தப்பு உண்டா? பெரும்பாலும் தோசை வார்த்துக்கொண்டே "பாத்துப் போப்பா" என்று சொல்லிவிட்டு, இடைவேளைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பார்.

மனோரமா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸில் இடம் பிடித்தவர். அவரை நடுவில் நிறுத்திக் கதை சொன்ன படம் எது என்று கேட்டால் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: ஏவி.எம்.மின் 'பாட்டி சொல்லைத் தட்டாதே', 1988. நன்றாக ஓடிய படம், தெலுங்குக்கும் போனது. ஓடிய பிறகும் அந்த வழியில் யாரும் வரிசைகட்டி நிற்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"ஹீரோவுக்கு அம்மாவா நடிக்கிறவங்க நிஜத்துல ஹீரோவைவிடச் சின்னவங்களாமே? யாரோ கதை விடறாங்களா?"

கதை இல்லை, எல்லாம் பிறந்த வருஷக் கணக்கு. ஸ்ரீவித்யா 1953-இல் பிறந்தவர், ரஜினிகாந்த் 1950-இல். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினி அவருக்குக் கணவர். 1991-இல் 'தளபதி'யில் அதே ரஜினி அவருக்கு மகன். 'அபூர்வ ராகங்க'ளில் அவரைக் காதலித்த கமல்ஹாசனுக்கும் 1989-இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் அவர்தான் அம்மா. கமல் அவரைவிட ஒரு வயது சிறியவர், அவ்வளவுதான். 'தளபதி'யில் மிகச் சிறு வயதில் பிள்ளை பெற்றவள் என்று கதையில் ஒரு காரணம் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் அந்தப் பதினாறு வருஷத்தில் ரஜினி சின்ன வேடத்திலிருந்து நாயகனாக உயர்ந்தார். ஸ்ரீவித்யா மனைவியிலிருந்து அம்மாவாக நகர்ந்துவிட்டார். அதற்குக் கதையில் காரணம் கிடையாது. இன்னொன்று: 'அபூர்வ ராகங்க'ளிலேயே அவர் வளர்ந்த பெண்ணுக்குத் தாய். அப்போது ஸ்ரீவித்யாவின் வயது 22.

ஹிந்தியிலும் இதே கதைதான். 'மதர் இந்தியா'வில் தாய் நர்கீஸ், மகன் சுனில் தத். இருவரும் 1929 ஜூன் மாதம் ஐந்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள், படம் வந்த மறு வருஷம் கல்யாணமும் செய்துகொண்டார்கள். ராக்கி 1976-இல் 'கபி கபீ'யில் அமிதாப்பின் காதலி, 1982-இல் 'சக்தி'யில் அமிதாப்பின் அம்மா. ஷெஃபாலி ஷா 2005-இல் 'வக்த்' படத்தில் அக்‌ஷய் குமாருக்கு அம்மா; நிஜத்தில் அக்‌ஷய்தான் ஆறு வயது மூத்தவர்.

எனக்குப் பிடித்த உதாரணம் ரம்யா கிருஷ்ணன். 'பாகுபலி'யில் மகனாக வரும் பிரபாஸுக்கும் அவருக்கும் 9 வயது வித்தியாசம். 'ஜெயில'ரில் கணவராக வரும் ரஜினிக்கும் அவருக்கும் 20 வயது வித்தியாசம். நடிகையின் வயதைச் சினிமா இழுத்துவிட்டுக்கொள்கிறது, யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. நாயகனின் வயதை மட்டும் தொடுவதில்லை.

"பார்க்க ஆள் வரணுமே! தயாரிப்பாளர் என்ன தர்மமா பண்றார்?"

இதைக் கேட்பவர் எங்கள் கூட்டத்தில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. கேள்வி சரியானதுதான், அதனால் பணம் எப்படிப் புரளுகிறது என்று பார்ப்போம். பெரிய படம் பெரும்பாலும் தயாரிப்பாளரின் சொந்தப் பணத்தில் எடுக்கப்படுவதில்லை, வட்டிக்கு வாங்கி எடுப்பது. நாயகனின் கால்ஷீட் கையில் இருந்தால் ஃபைனான்சியர் கடன் தருவார். படம் முடியும் முன்பே செங்கல்பட்டு, கோவை, மதுரை என்று ஏரியா ஏரியாவாக வியாபாரம் பேசுவார்கள். வெளிநாட்டு உரிமை, சாட்டிலைட், ஓடிடி எல்லாம் தனி. இந்த வியாபாரம் முழுவதும் முதல் மூன்று நாள் ஓப்பனிங்கை நம்பி நடக்கிறது. ஓப்பனிங் என்பது படம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோது வரும் கூட்டம். அது பெயருக்காக வருவது.

சரி, அந்தப் பெயர் எப்படி வந்தது? இருபது, முப்பது வருஷம் இடைவெளி இல்லாமல் நாயகனாகவே நடித்ததால் வந்தது. மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படம் வந்தால் விடியற்காலையில் தெருவை அடைத்துக்கொண்டு ஆட்டம் போட்ட கூட்டம் ஒரு நாளில் சேர்ந்ததா என்ன? நடிகைக்கு அந்தத் தொடர்ச்சியே கிடைப்பதில்லை. முப்பதில் நிறுத்திவிட்டு, ஐம்பதில் "உனக்கு மார்க்கெட் இல்லையே" என்றால் எப்படி? மூத்த நடிகையை வைத்து எடுக்கும் படத்துக்கு பட்ஜெட் குறைவு, விளம்பரம் குறைவு, காட்சிகளும் குறைவு. மும்பையில் அப்படி ஒரு தமிழ்ப் படம் வந்தால் எங்கேயோ தூரத்து மல்டிபிளெக்ஸில் வேலை நாள் மத்தியானம் ஒரு ஷோ இருக்கும். அடுத்த வாரம் இருக்காது. பிறகு "ஓடவில்லை" என்று எழுதிவிடுவார்கள்.

ஸ்ரீதேவி 2012-இல் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்துக்காகத் திரும்பியபோது அவருக்கு 49 வயது. முறையாக வெளியிட்டார்கள், ஓடியது.

"கல்யாணம் ஆனதும் அவங்களே விட்டுட்டுப் போயிடறாங்க. யாரைக் குறை சொல்ல?"

சிலர் விரும்பித்தான் போகிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் திரும்பி வர நினைத்தவர்களைப் பாருங்கள். மஞ்சு வாரியர் பதினான்கு வருஷ இடைவெளிக்குப் பிறகு 2014-இல் ஒரு மலையாளப் படத்தின் மூலம் திரும்பினார். அந்தப் படத்தின் தமிழ் வடிவம்தான் '36 வயதினிலே'. அதைத் தயாரித்தது ஜோதிகாவின் கணவர் சூர்யாவின் நிறுவனம். வீட்டிலேயே தயாரிப்பு நிறுவனம் இருந்தது, திரும்ப முடிந்தது. அது இல்லாத எத்தனையோ பேருக்குத் திறமை மட்டும்தான் இருக்கிறது.

போகாமலே இருந்தவர்களின் நிலை? நீனா குப்தா 2017-இல் இன்ஸ்டாகிராமில், தான் மும்பையில் இருப்பதாகவும் நல்ல வேடம் தேடுவதாகவும் வெளிப்படையாகவே எழுதினார். தேசிய விருது பெற்ற நடிகை, 58 வயதில் வேலை கேட்டு எழுத வேண்டியிருந்தது. இந்த ஊரில் நாமெல்லாம் நௌக்ரி டாட்காமில் ரெஸ்யூமே போடுகிறோமே, அந்த மாதிரி.

"அந்தக் காலத்துல இப்படி இல்லையே அக்கா? ஔவையார் படமெல்லாம் வந்துச்சே?"

வந்தது. 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்', கே.பி. சுந்தராம்பாள் நடித்தது. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும், தலைப்புப் பாத்திரமே அவருடையது. கணவனுக்கு மனைவியாகவோ மகனுக்குத் தாயாகவோ இல்லாமல், கோல் ஊன்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மன்னர்களுக்கே புத்தி சொல்லும் கிழவி. இன்று ஒரு தயாரிப்பாளரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், "ஹீரோ யாரு?" என்பார்.

ஆனாலும் அந்தக் காலத்தை ரொம்பப் புகழ முடியாது. சுந்தராம்பாள் அடுத்தடுத்து வந்ததும் கவுந்தியடிகள், மறுபடி ஔவை, காரைக்கால் அம்மையார் என்றுதான். கிழவி நடுவில் நிற்கலாம், துறவியாகவோ தெய்வ அருள் பெற்றவளாகவோ இருந்தால். வாடகை பாக்கி வைத்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடும் சாதாரணக் கிழவிக்கு அப்போதும் இடமில்லை.

"வயசான வேஷத்துக்கு வயசான நடிகையேதான் வேணுமா? நடிப்புன்னா வேற ஒருத்தரா மாறுறதுதானே?"

கொள்கை அளவில் சரி. ஆனால் இந்த மாற்றம் ஒரு பக்கமாகவே நடக்கிறது. 2019-இல் 'சாண்ட் கி ஆங்க்' வந்தது. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் அறுபது வயதுக்கு மேல் துப்பாக்கி சுடக் கற்றுப் பதக்கம் வாங்கிய சந்திரோ தோமர், பிரகாஷி தோமர் இருவரின் உண்மைக் கதை. நடித்தது முப்பதுகளில் இருந்த டாப்ஸி பன்னுவும் பூமி பெட்னேக்கரும். எங்கள் வயது வேடத்தையாவது எங்களுக்குக் கொடுங்களேன் என்று நீனா குப்தாவே ட்விட்டரில் கேட்டார். அந்த இருவரும் நன்றாகத்தான் உழைத்திருந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வெள்ளைத் தலைமுடியும் முகத்தில் ஒட்டிய சுருக்கமும் ஒவ்வொரு குளோசப்பிலும் உறுத்தும். கிழவியின் கதையும் வேண்டும், கிழவியின் முகம் மட்டும் வேண்டாம்.

அதே வருஷம் தெலுங்கில் வந்த 'ஓ பேபி' இன்னும் வெளிப்படை. கொரியப் படத்தின் தழுவல். பாட்டியாக லட்சுமி வருகிறார். போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனதும் மாயமாக இளம்பெண்ணாகி சமந்தா ஆகிவிடுகிறார். மீதிப் படம் சமந்தாவுடையது.

"வித்யா பாலன் நம்ம செம்பூர்ப் பொண்ணுதானே! ஹிந்தியில நிலைமை தேவலையோ?"

நம் செம்பூரில் வளர்ந்தவர்தான், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். 'கஹானி', 'தும்ஹாரி சுலு' என்று அவர் தோளிலேயே படங்கள் நின்றிருக்கின்றன. ஹிந்திக்குச் சந்தை பெரிது, சின்ன பட்ஜெட் படத்துக்கும் நகரங்களில் ஆள் உண்டு. கொஞ்சம் தேவலைதான், கொஞ்சம். மேலே சொன்ன நர்கீஸ், ராக்கி கணக்கும் இதே பம்பாயில் நடந்ததுதான்.

"'பதாய் ஹோ'ல நீனா குப்தாதானே ஹீரோயின்? இதை எண்ணக்கூடாதா?"

தந்திரமான கேள்வி. வளர்ந்த பிள்ளைகள் இருக்கும்போது மறுபடி கர்ப்பமாகும் அம்மாவின் கதை அது. 2018-இல் வந்து உலக அளவில் 200 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. வயிறு அவருடையது, வெட்கமும் அவருடையது, மாமியாரிடம் பேச்சு வாங்குவதும் அவர்தான். ஆனால் பெயர்ப் பட்டியலில் முதலில் நிற்பது மகனாக நடித்த ஆயுஷ்மான் குரானா. அம்மா கர்ப்பமானதில் மகனுக்கு வரும் தர்மசங்கடத்தை வைத்துத்தான் படம் பெரும்பாலும் நகர்கிறது. நான் பாதி மதிப்பெண் போடுவேன்.

இதே சிக்கல் விருதிலும் உண்டு. 2024-இல் வந்த 'உள்ளொழுக்கு' என்ற மலையாளப் படத்தில் ஊர்வசியும் பார்வதியும் மாமியார் மருமகள். படத்தின் பாரத்தை இருவரும் சேர்ந்தே சுமக்கிறார்கள். 2025-இல் தேசிய விருது ஊர்வசிக்குக் கிடைத்தது, துணை நடிகைக்கான விருதாக. எந்த அளவுகோலில் இது துணைப் பாத்திரம் ஆனது, வயதை வைத்தா என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். கேட்டது நியாயம் என்பது என் கட்சி. சரண்யா பொன்வண்ணனுக்கு 'தென்மேற்குப் பருவக்காற்று' அம்மா வேடத்துக்குச் சிறந்த நடிகை விருதே கொடுத்தார்களே, ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை.

"ஐம்பது வயசுல காதல், ஆசையெல்லாம் காட்டணுமா? குடும்பத்தோட பாக்க வேண்டாமா?"

2017-இல் 'ப. பாண்டி' வந்தது. மனைவியை இழந்த ராஜ்கிரண் வீட்டைவிட்டுக் கிளம்பி, தன் முதல் காதலியைத் தேடிப் போகிறார். நம் எல்லோருக்கும் பிடித்தது, குடும்பத்தோடுதான் பார்த்தோம். அதே வருஷம் 'லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா'. ரத்னா பாடக் ஷா 55 வயது விதவை. ஊரே 'புவாஜி' (அத்தை) என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, உஷா என்ற சொந்தப் பெயர் அவருக்கே தூரமாகிவிட்டது. ஒளித்து வைத்துக் காதல் நாவல் படிப்பார், நீச்சல் கற்கப் போவார். தணிக்கை வாரியம் முதலில் சான்றிதழ் தர மறுத்துவிட்டது; படம் பெண்களை மையப்படுத்தியது, அவர்களின் கற்பனை வாழ்க்கையை மீறியது என்று கடிதத்தில் காரணம் எழுதினார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போய்த்தான் வெளிவந்தது.

இரண்டு படமும் ஒன்றல்ல, தெரியும். 'லிப்ஸ்டிக்'கில் வெளிப்படையான காட்சிகள் அதிகம், சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை. அதற்குத்தான் 'ஏ' சான்றிதழ் இருக்கிறதே. ஆனால் எங்கள் ஹாலில் அதைப் போட்டபோது சங்கடப்பட்டு எழுந்துபோனவர்கள் ஆண்கள். முன்வரிசை மாமிகள் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். உஷாவை வீட்டார் அவமானப்படுத்தும் காட்சியில் ஒருவர் "அட பாவிகளா" என்று சத்தமாகவே சொன்னார்.

"அதான் சீரியல் இருக்கே, ஓடிடியும் வந்தாச்சு. தியேட்டர்லதான் வரணுமா?"

1999-இல் தொடங்கிய 'சித்தி'யில் ராதிகா காட்டியது சாதாரண விஷயம் இல்லை. தாராவியில் கேபிள் இருந்த வீட்டுக்கு அக்கம்பக்கமெல்லாம் வந்து உட்காரும். நடிகையை நம்பி தினமும் ஆட்கள் வருவார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஓடிடியிலும் சுஷ்மிதா சென் 'ஆர்யா', ரவீணா டாண்டன் 'ஆரண்யக்' என்று நல்ல வேடங்கள் வந்தன. மேலே அக்‌ஷய் குமாருக்கு அம்மா என்று சொன்னேனே, அதே ஷெஃபாலி ஷா 'டெல்லி கிரைம்' தொடரை போலீஸ் அதிகாரியாகத் தாங்கி நின்றார். 2020-இல் அதற்குச் சர்வதேச எம்மி கிடைத்தது.

ஆனால் சம்பளமும் பெயரும் இன்னும் தியேட்டரை வைத்தே அளக்கப்படுகின்றன. சின்னத் திரைக்கு அனுப்பிவிட்டு "இடம் கொடுத்தாச்சே" என்றால், பெண்களுக்குச் சமையலறையே பெரிய ராஜ்யம் என்கிற பேச்சு மாதிரிதான் எனக்குக் கேட்கிறது.

"பெண் இயக்குநர்கள் வந்தா சரியாயிடுமா?"

உதவும். கௌரி ஷிண்டே, அலங்கிரிதா ஸ்ரீவாஸ்தவா இல்லாமல் மேலே சொன்ன ஸ்ரீதேவி படமும் ரத்னா பாடக் ஷா படமும் இல்லை. ஆனால் பெண் இயக்குநரும் போய் நிற்பது அதே ஃபைனான்சியர் வாசலில்.

"ஹாலிவுட்ல இப்படியெல்லாம் இல்லையாமே?"

இருக்கிறது. 37 வயதில் மேகி ஜில்லன்ஹாலிடம், 55 வயது நடிகரின் காதலியாக நடிக்க உனக்கு வயது அதிகம் என்று சொன்னார்களாம். 2015-இல் அவரே சொன்னது. மிஷெல் யோ 2023-இல் ஆஸ்கர் வாங்கியபோது வயது 60. அது உலகச் செய்தியானதே எவ்வளவு அபூர்வம் என்பதால்தான்.

"எல்லா ஆம்பளை நடிகருக்கும் வயசானா ராஜயோகமா என்ன? அவங்கள்ல எத்தனையோ பேர் காணாமப் போயிடறாங்களே?"

போகிறார்கள். எழுபதில் நாயகனாக இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்கள்தான். மற்றவர்கள் அப்பா, அமைச்சர், கமிஷனர். ஆனால் அப்பாவோடு அமைச்சரும் கமிஷனரும் இருக்கிறார்களே! வில்லன், வக்கீல், தாதா எல்லாமே ஆண் நடிகருக்கு வயதானால் திறக்கும் கதவுகள். 'கடைசி விவசாயி'யில் நடிப்பே அறியாத ஒரு கிழவரை நாயகனாக்கி எடுத்தார்கள், அருமையான படம். நடிகைக்கு அம்மா, மாமியார், பாட்டி. கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்டுக்குச் சம்பளம் நாள் கணக்கில் என்பதால், அம்மாவின் காட்சிகளை எத்தனை நாளுக்குள் முடிக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள். ஒரே வீட்டு செட்டில் எடுத்து முடித்து அனுப்பிவிடலாம்.

"சரி, எங்க அம்மாவுக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?"

'செம்பி'யிலிருந்து ஆரம்பியுங்கள். கோவை சரளாவை நகைச்சுவைக்காக மட்டுமே தெரிந்தவர்களுக்கு, பேத்திக்காக மலையிறங்கி வரும் பாட்டியாக அவரைப் பார்ப்பது அதிர்ச்சியாக இருக்கும். இரண்டாம் பாதியில் பிரசங்கம் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுமிக்கு நேரும் கொடுமை கதையில் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பிறகு 'ஜே பேபி'. சென்னையிலிருந்து காணாமல் போன அம்மா கொல்கத்தாவில் இருப்பது தெரிந்து, பேசாமல் இருக்கும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து கிளம்புகிறார்கள். வழியெல்லாம் பிள்ளைகள் பக்கமே கதை சாய்கிறது என்பது என் மனக்குறை, ஆனால் ஊர்வசி வந்துவிட்டால் மற்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள். சிரித்துக்கொண்டே பார்க்கவேண்டும் என்றால் 2017-இல் வந்த 'மகளிர் மட்டும்': ஊர்வசி, பானுப்ரியா, சரண்யா மூவரும் பள்ளித் தோழிகள். 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' தமிழிலேயே கிடைக்கும், அமிதாப் வரும் இடத்தில் தமிழில் அஜித் வருவார். 'உள்ளொழுக்கு' கடைசியில். மழை, வெள்ளம், வீட்டுக்குள் பிணம் என்று கனமான படம், இரவில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால், முடிந்ததும் பேசுவதற்கு நேரம் இருக்கும்.